பகல் குறைந்தால் முட்டை குறையும்: ஆறு கோழிகளும் ஒரு விளக்கும்

லண்டனில் ஜூன் 21 வாக்கில் பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் சற்று மேலாக நீடிக்கும். டிசம்பர் 21 வாக்கில் அது 8 மணி நேரத்தைக்கூடத் தொடாது. இடையில், செப்டம்பரில், நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 நிமிடம் என்ற கணக்கில் பகல் கரைந்துகொண்டே வரும். அலுவலகம் விட்டு வரும்போது இருட்டிவிட்டதே என்று நாம் திகைப்பதற்கு வெகு முன்பே கோழிகள் அதைக் கண்டுகொண்டுவிடுகின்றன. கோடையில் நாளுக்கு மூன்று முட்டை, சில நாள் நான்கு என்று எடுத்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டில், செப்டம்பர் முடியும்போது ஒன்று கிடைப்பதே பெரிய பாடாகிவிட்டது. வீட்டில் இரண்டு பேர் முட்டைக் குழம்புக்கு உயிரை விடுகிறவர்கள். கடையில் முட்டை வாங்கும் நிலை வந்ததும் விசாரணை தொடங்கியது.

முதலில் கோழிகளைப் பற்றி. மூன்று பழுப்புக் கலப்பினக் கோழிகள். பெரிய பண்ணைகளில் ஒன்றரை வயது ஆனதும் கழித்துவிடுகிறவற்றை வாங்கி வீடுகளுக்குத் தரும் தொண்டு அமைப்பு ஒன்றின் மூலம் வந்தவை. அடுத்தது சசெக்ஸ் இனத்து வெள்ளைக் கோழி ஒன்று. கழுத்தில் கருப்புச் சரிகை போட்டதுபோல் இருக்கும், நடையிலும் அந்தத் தோரணை உண்டு. கடைசியாக, ஆகஸ்டில் வாங்கிய இரண்டு சாம்பல் நிற விடைக்கோழிகள். அப்போது அவை இன்னும் முட்டையிடத் தொடங்கியிருக்கவில்லை. சேவல் இல்லை. முட்டைக்குச் சேவல் தேவையில்லை, அக்கம்பக்கத்தார் தூக்கத்துக்கு அது இல்லாமலிருப்பது மிகவும் தேவை. இங்கிலாந்தில் 2024 அக்டோபர் 1 முதல் ஒரே ஒரு கோழி வளர்த்தாலும் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் ஆறும் முறைப்படி பதிவானவை.

விருதுநகர்ப் பக்கம் இருக்கும் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, அவர் உடனே கேட்டது: "அடை விழுந்திருக்குமோ? தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்துப் பார்த்தாயா?" அடைக்கோழி என்றால் முட்டைப் பெட்டியை விட்டு நகராது, பக்கத்தில் போனால் உடலை உப்பிக்கொண்டு உறுமும். எங்களுடையவை அப்படி எதுவும் செய்யவில்லை. காலையில் கதவு திறந்ததும் வழக்கம்போல் ஓடி வந்தன. பகல் குறைவதால் கோழி முட்டையை நிறுத்தும் என்பதை அம்மா நம்பவே இல்லை. அவர் அனுபவத்தில் அது உண்மைதான். விருதுநகர் பூமத்திய ரேகைக்கு ஒன்பதரை பாகை வடக்கே இருக்கிறது. அங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். நாட்டுக்கோழி ஒரு ஈடு முட்டையிட்டு, அடை படுத்து, குஞ்சுகளோடு திரிந்து, மறுபடி இடும். அந்தச் சுழற்சிதான் அங்கே கண்ணுக்குத் தெரியும், பகலின் கணக்கு தெரியாது. லண்டனில் அந்த வித்தியாசம் எட்டே முக்கால் மணி நேரம். நாமக்கல் பண்ணைக்காரர்களிடம் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். முட்டைக்கோழிக் கொட்டகைகளில் விளக்குப் போட்டுப் பகலை 16 மணி நேரமாக நீட்டுவது அவர்களுக்கு அன்றாட வேலை.

இது நடக்கும் விதம் எனக்குப் படிக்கப் படிக்க வியப்பாக இருந்தது. முட்டையிடும் விஷயத்தில் கோழி வெளிச்சத்தை முக்கியமாகக் கண்ணால் அறிவதில்லை. மண்டையோட்டைத் துளைத்து உள்ளே போகும் ஒளியை மூளையின் அடிப்பகுதியில் உள்ள உணர்செல்களே நேரடியாக வாங்கிக்கொள்கின்றன. பார்வையற்ற கோழிகளும் பகலின் நீளத்துக்கு ஏற்ப முட்டையிடுவதைச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். ஒளிபட்ட அந்தப் பகுதி பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது, பிட்யூட்டரி சுரக்கும் ஹார்மோன்கள் சினைப்பையைத் தூண்டுகின்றன. சிவப்பு, ஆரஞ்சு சார்ந்த நீண்ட அலைநீள ஒளி எலும்பையும் தோலையும் எளிதாகக் கடக்கும். பிறகு விளக்கு வாங்கும்போது இது உதவியது. இதில் இன்னொரு நுணுக்கம், பகல் எவ்வளவு நீளம் என்பதோடு, அது வளர்கிறதா தேய்கிறதா என்பதும் கோழிக்குக் கணக்கு. நல்ல முட்டைக்கு 14 முதல் 16 மணி நேரப் பகல் வேண்டும் என்பது பொதுவான அளவு. லண்டனில் ஆகஸ்ட் கடைசி வாரத்திலேயே பகல் 14 மணி நேரத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. திரும்ப அந்த அளவைத் தொட ஏப்ரல் நடுப்பகுதி ஆகும்.

இதைப் படித்ததும் விளக்கு வாங்க ஓடுவதுதான் எல்லோரும் செய்வது. முட்டை குறைவதற்கு வேறு அரை டஜன் காரணங்கள் இருக்கின்றன; அவற்றில் எதற்கும் விளக்கு மருந்தாகாது. ஆகவே முதலில் திருட்டுக் கணக்கைப் பார்த்தேன். செடிகளுக்கு அடியில், கொட்டகைக்குப் பின்னால், உரக்குவியலின் மறைவில் ஒளித்து இட்டிருக்கிறதா என்று தேடியதில் ஒன்றும் இல்லை. எலி உருட்டிப் போயிருந்தால் வளை இருக்க வேண்டும், மேக்பை பறவை கொத்தியிருந்தால் ஓடு கிடக்க வேண்டும், இரண்டும் இல்லை. தாங்களே முட்டையைக் குடிக்கும் பழக்கம் வந்திருந்தால் பெட்டியின் வைக்கோலில் மஞ்சள் கரு காய்ந்து ஒட்டியிருக்கும். வைக்கோல் சுத்தமாக இருந்தது.

அடுத்தது கோழிச்செல். இரவில் இரத்தம் குடித்துவிட்டு, பகலில் மர இடுக்குகளில் பதுங்கிக்கொள்ளும் அந்தச் சிவப்புப் பூச்சிகள், கோடை முடிந்து இலையுதிர்காலம் தொடங்கும் வேளையில் உச்சத்தில் இருக்கும். பகலில் கூட்டைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரவு பத்து மணி வாக்கில், டார்ச்சோடு போய், கோழிகள் அமரும் குறுக்குக் கட்டையின் அடிப்பக்கத்தை ஒரு வெள்ளைக் காகிதத் துணியால் அழுத்தித் துடைத்தேன். நடுவில் ஒன்றுமில்லை. கட்டை சுவரில் செருகியிருக்கும் முனையில் துடைத்தபோது காகிதத்தில் மெல்லிய செங்கோடு விழுந்தது. நசுங்கிய பூச்சியின் வயிற்றிலிருந்த கோழியின் இரத்தம். எண்ணிக்கை அதிகமில்லை, ஆனால் விட்டுவைத்தால் பெருகும். கட்டைகளைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றி, காயவைத்து, முனைகளிலும் இடுக்குகளிலும் டயாட்டம் மண்தூளைத் திணித்து மறுபடி பொருத்தினேன். அந்தத் தூள் பூச்சியின் மேல்தோலிலிருக்கும் மெழுகைச் சுரண்டி அதை உலர்த்திக் கொன்றுவிடும். நம் நுரையீரலுக்கும் நல்லதில்லை என்பதால் முகமூடி அவசியம். ஒரு வாரம் கழித்துத் துடைத்தபோது காகிதம் வெள்ளையாகவே வந்தது. முட்டை மட்டும் கூடவில்லை.

இனி யார் இடுகிறார்கள், யார் இடவில்லை என்று பிரித்தறிய வேண்டும். சசெக்ஸின் முட்டை சந்தன நிறம், பார்த்தாலே தெரியும். மூன்று பழுப்புக் கோழிகளின் முட்டைகளோ ஒரே அச்சு. இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. கேசரிக்குப் போடும் ஆரஞ்சுப் பொடியைக் கொஞ்சம் வாசலினில் குழைத்து, ஒரு கோழியின் எச்சத்துவாரத்தைச் சுற்றித் தடவினேன்; இன்னொன்றுக்குப் பச்சை; மூன்றாவதற்கு ஒன்றுமில்லை. முட்டை வெளியே வரும்போது அதன் ஓட்டில் நிறம் தீற்றலாக ஒட்டிக்கொள்ளும். இரண்டு நாள் கழித்து ஆரஞ்சுத் தீற்றலோடு ஒரு முட்டை வந்தது. அடுத்து வந்ததும் ஆரஞ்சு. பச்சை வரவே இல்லை, நிறமில்லாத பழுப்பு முட்டையும் வரவில்லை. ஆக, மூவரில் ஒருத்திதான் உழைத்துக்கொண்டிருந்தாள்.

கையால் பார்க்கும் சோதனை இதை உறுதி செய்தது. இருட்டிய பிறகு கட்டையில் உட்கார்ந்திருக்கும் கோழியைத் தூக்கினால் அது சண்டை போடாது. அதைக் கையிடுக்கில் அணைத்துக்கொண்டு, எச்சத்துவாரத்துக்குக் கீழே விரல்களை வைத்தால் இருபுறமும் இரண்டு இடுப்பெலும்பு முனைகள் தட்டுப்படும். முட்டையிடும் கோழிக்கு அந்த முனைகளுக்கு நடுவே இரண்டு அல்லது மூன்று விரல் தாராளமாக நுழையும். இடாத கோழிக்கு ஒரு விரல் நுழைவதே கடினம். இடும் கோழியின் எச்சத்துவாரம் அகன்று ஈரமாக வெளிறியிருக்கும். இடாததற்குச் சுருங்கி வறண்டிருக்கும். கொண்டையும் சாட்சி சொல்லும். ஆரஞ்சுக்காரிக்குக் கொண்டை செக்கச்செவேலென்று, தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. மற்ற இருவருக்கும் அது வெளிறிச் சுருங்கி, மேலே மாவு தூவியதுபோல் ஆகியிருந்தது. சசெக்ஸுக்கும் அதே நிலை.

அந்த மூன்றுக்கும் பொதுவான இன்னொரு விஷயம், இறகுதிர்ப்பு. செப்டம்பர் நடுவில் கூட்டுக்குள் இறகுகள் அதிகமாகக் கிடந்தன; நரி வந்து போனதோ என்று நினைக்கும் அளவுக்கு. தலையிலும் கழுத்திலும் தொடங்கி, மார்பு, முதுகு, சிறகு, கடைசியில் வால் என்று வரிசையாக உதிரும். வயது வந்த கோழி ஆண்டுக்கொரு முறை தன் உடுப்பை மாற்றிக்கொள்ளும் காலம் இது; பகல் தேய்வதுதான் இதற்கும் முதல் தூண்டுதல். இறகில் பெரும்பகுதி, சுமார் 85 சதவீதம், புரதம். முட்டைக்கும் புரதம் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துக் கொடுக்க உடலில் சரக்கு இருக்காது, அதனால் முட்டைக்குக் கதவடைப்பு. வேகமாக முடிக்கும் கோழிக்கு இரண்டு மாதம், நிதானமானதற்கு மூன்று மாதத்துக்கும் மேல். புதிதாக முளைக்கும் இறகுக் குருத்துகளுக்குள் இரத்தம் ஓடும், தொட்டாலே வலிக்கும். அந்த வாரங்களில் எங்கள் சசெக்ஸ் யாரையும் அண்டவிடவில்லை, நானும் தூக்கவில்லை. அதன் கழுத்து முழுவதும் வெள்ளைக் குச்சிகள் முளைத்து, அந்தப் பழைய தோரணையெல்லாம் போய், மூலையில் தனியே நின்றுகொண்டிருந்தது.

இறகுதிர்க்கும் கோழிக்கு விளக்கைப் போட்டு முட்டை கேட்பது அடாவடி. பாதி உடுப்போடு நிற்கும் உடலிடம் முழுநேர வேலை வாங்குவதால், குளிருக்குள் இறகு முழுதாக வளராமலே போகலாம். எனவே விளக்கு இருக்கட்டும், முதலில் தீனி என்று முடிவு செய்தேன். வழக்கமாகக் கொடுக்கும் முட்டைக்கோழித் தீவனத்தில் புரதம் 16 சதவீதம். ஒரு கோழி நாளுக்கு 120 கிராம் அளவுக்குத் தின்னும். இறகு முளைக்கும் காலத்துக்கு அதைவிடப் புரதம் அதிகமுள்ள இனப்பெருக்கத் தீவனத்தைப் பாதிக்குப் பாதி கலந்தேன். கூடவே உடைத்த பட்டாணியும் உமி நீக்கிய சூரியகாந்தி விதையும், மாலையில் ஒரு கைப்பிடி.

இங்கே இந்தியப் பழக்கம் ஒன்றை விட வேண்டியிருக்கிறது. மிச்சச் சோறு, சாம்பாரில் கிடந்த காய், தோசை விளிம்பு என்று எதையும் பிரிட்டனில் கோழிக்குப் போடக்கூடாது. வீட்டுச் சமையலறை வழியாக வந்த எந்த மிச்சமும் சட்டப்படி தடை. விலங்குப் பொருள் எதுவுமே நுழையாத முழு வீகன் சமையலறைக்கு மட்டும் விலக்கு. பாலும் தயிரும் இருக்கும் நம் சைவச் சமையலறைகள் அந்த விலக்கில் சேராது. கடையில் காட்டுப் பறவைகளுக்கென்று விற்கும் காய்ந்த புழுக்களையும் கோழிக்குப் போடக்கூடாது, நம் வீட்டுச் செல்லக் கோழி என்றாலும். அதனால் பட்டாணியையும் விதையையும் மூட்டையாக வாங்கித் தோட்டக் கொட்டகையிலேயே வைத்துக்கொண்டேன். சிப்பி ஓட்டுத் துருவல் தனிக் கிண்ணத்தில் எப்போதும் இருந்தது. வேண்டியது வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும்.

அக்டோபரில் விடைக்கோழிகள் இரண்டும் முட்டையிடத் தொடங்கின. வசந்தத்தில் பொரித்த பெட்டைகளுக்கு இது சாதகம்: முதல் குளிர்காலத்தில் அவை பெரும்பாலும் முழு இறகுதிர்ப்புக்குப் போவதில்லை, பகல் தேய்ந்தாலும் ஓரளவு இட்டுக்கொண்டிருக்கும். முதல் முட்டைகள் எலுமிச்சை அளவுதான். ஒன்றில் மஞ்சள் கருவே இல்லை. கவலைப்பட ஒன்றுமில்லை, தொடக்கத்தில் அப்படித்தான்.

நவம்பர் நடுவில் பச்சைக்காரிக்கும் நிறமில்லாதவளுக்கும் இறகு ஏறக்குறைய மூடிவிட்டது. ஆரஞ்சுக்காரி அக்டோபர் கடைசியில் இடுவதை நிறுத்தியிருந்தாள், ஆனால் இறகு உதிர்க்கவில்லை. விளக்குக்கு நேரம் வந்துவிட்டது என்று தோன்றியது.

விளக்கு வைப்பதில் மின்வேலையைவிடக் கடிகாரக் கணக்குதான் தலைவலி. எல்லோரும் ஒரே குரலில் சொல்வது, நீட்டுவதை அதிகாலையில் நீட்டு, மாலையில் நீட்டாதே என்பது. காரணம் நியாயமானது. மாலையில் விளக்குப் போட்டுவிட்டுச் சட்டென்று அணைத்தால், தரையில் நின்று தின்றுகொண்டிருக்கும் கோழி அங்கேயே குருடாகிவிடும். இருட்டில் கட்டைக்கு ஏறத் தெரியாது. அதிகாலையில் விளக்கு எரிந்தால் அது வெளி வெளிச்சத்தோடு கலந்து முடியும், மாலையில் பொழுது மெல்லச் சாய்ந்து அவற்றைத் தானாகவே கட்டைக்கு ஏற்றிவிடும். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். டிசம்பரில் லண்டனில் சூரியன் மறைவது மாலை 4 மணிக்குச் சில நிமிடம் முன்பு. அந்தி வெளிச்சத்துக்கு அரை மணி சேர்த்தாலும் நாலரை. அங்கிருந்து 14 மணி நேரம் பின்னோக்கிப் போனால் அதிகாலை இரண்டரை. இரண்டரை மணிக்குத் தோட்டத்தில் ஒரு கூடு ஒளிர்வதும், உள்ளே ஆறு கோழிகள் கொக்கரிப்பதும் எங்கள் தெருவில் நட்பு வளர்க்கும் காரியமாக எனக்குப் படவில்லை.

நான் பிடித்த சமரசம்: 14 மணி நேரத்தை மறந்துவிட்டு, விளக்கைக் காலை 4 மணிக்குக் கொண்டுபோய் நிறுத்துவது. ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரப் பகல் கிடைக்கும். உச்ச உற்பத்திக்கு இது போதாது. ஆனால் நவம்பர் நடுவில் காலை 6.30-க்குத் தொடங்கி, வாரத்துக்கு அரை மணி வீதம் முன்னே நகர்த்தினால், வெளியே பகல் சுருங்கச் சுருங்கக் கூட்டுக்குள் பகல் வளர்ந்துகொண்டே போகும். வளரும் பகல்தான் கோழிக்கு வசந்தத்தின் அறிகுறி.

இனி பொருத்தியது. சூடாக்கும் பழைய பல்புகளும் வெப்ப விளக்குகளும் வேண்டவே வேண்டாம். காய்ந்த வைக்கோலும் தூசியும் நிறைந்த மரப்பெட்டிக்குள் அவை தீ வைக்கும் கருவிகள். நான் எடுத்தது 12 வோல்ட், மஞ்சள் சாயலுள்ள 2700 கெல்வின் எல்.இ.டி. பட்டை, நீர் புகாத உறையோடு. ஒரு மீட்டருக்கு 4.8 வாட். நான்கடிக்கு மூன்றடிக் கூட்டுக்கு அரை மீட்டரே போதும். பட்டையின் முதுகிலுள்ள பசையை நம்ப முடியாது. கோழிகளின் மூச்சு ஈரத்தில் அது உரிந்து தொங்கும், தொங்கினால் கொத்துவார்கள். அலுமினியத் தண்டவாளம் ஒன்றை வெட்டி, கூரையின் உட்புறக் கட்டையில் திருகி, அதற்குள் பட்டையைச் செருகிப் பால்நிற மூடியைப் போட்டேன். வெளிச்சம் கட்டையின் மீதும் தீனித்தொட்டியின் மீதும் விழ வேண்டும், முட்டைப் பெட்டிகள் இருட்டாகவே இருக்க வேண்டும். பெட்டி வெளிச்சமாக இருந்தால் அங்கே இடத் தயங்கும், இட்ட முட்டையைக் கொத்தவும் பழகும். ஒரு சிறு பலகையைத் தடுப்பாக அடித்ததில் அது சரியானது.

மின்மாற்றியும் டைமரும் தோட்டக் கொட்டகைக்குள், ஏற்கெனவே மின்கசிவுத் தடுப்பானோடு இருந்த பிளக்கில். கூட்டுக்குப் போவது 12 வோல்ட் கம்பி மட்டும் என்பதால் ஈரத்தில் ஆபத்து குறைவு. எலிக்குக் கம்பி உறை என்றால் பிடிக்கும், ஆகவே வளையும் உலோகக் குழாய்க்குள் விட்டு மண்ணில் புதைத்தேன். குழாயின் இரு முனைகளிலும் எஃகுக் கம்பளி அடைத்தது வீண் போகவில்லை; பிறகு பார்த்தபோது ஒரு முனையில் சுரண்டிய தடம் இருந்தது.

வெளிச்சத்தின் அளவில் கைமிஞ்சிவிடக் கூடாது. கோழியின் தலைமட்டத்தில் 10 லக்ஸ் இருந்தால் போதும். அங்கே செய்தித்தாளின் எழுத்தைச் சிரமமில்லாமல் படிக்க முடிந்தால் சரி என்பது பழைய அளவுகோல். கைபேசியின் ஒளிமானிச் செயலியைக் கட்டையின் மேல் வைத்துப் பார்த்தால், அரை மீட்டர் பட்டை முழு வெளிச்சத்தில் அதைப்போல் பல மடங்கு காட்டியது. அவ்வளவு வெளிச்சத்தில் அடைபட்ட கோழிகள் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும். ஒளியைக் குறைக்கும் சிறு திருகி ஒன்றை இடையில் இணைத்து இறக்கினேன். கைபேசி ஒளிமானி துல்லியமானது என்று சொல்ல மாட்டேன். செய்தித்தாளும் ஒத்துக்கொண்டதால் அதோடு விட்டேன்.

டைமர் பழைய பாணிச் சுழல் டைமர், கால் மணிக்கொரு பல் உள்ளது. இதில் ஒரு சௌகரியம்: அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை பிரிட்டன் தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளும்போதும், மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை முன்னே தள்ளும்போதும் இது கண்டுகொள்ளாது. கைபேசியோடு இணைந்த நவீன டைமர் தானாக மாற்றிக்கொள்ளும், கோழியின் பகல் ஒரே இரவில் ஒரு மணி நேரம் நகரும். சுழல் டைமருக்கு எதிரி மின்தடை. மின்சாரம் போன நேரம் அளவுக்குப் பின்தங்கிவிடும். வாரம் ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும்.

வெளிக்கதவு ஒளியுணரியால் தானாகத் திறக்கும் வகை. உள்விளக்கின் ஒளி அந்த உணரியின் மேல் கசிந்தால், அதிகாலை நாலு மணிக்குக் கதவு திறந்து, லண்டன் நரிகளுக்கு விருந்து வைத்த கதையாகிவிடும். இருட்டிய பிறகு உள்ளே விளக்கைப் போட்டு, வெளியே நின்று கதவைக் கவனித்தேன். உணரி கூட்டின் வெளிப்புறச் சுவரில் தெருப்பக்கம் பார்த்திருந்ததால் தப்பித்தோம். கதவு மூடிய கூட்டுக்குள் நாலு மணி நேரம் விழித்திருக்கப் போகிறவர்களுக்குத் தீனியும் தண்ணீரும் உள்ளேயே வேண்டும் என்பதால் ஒரு சிறு தொட்டியும், பக்கவாட்டில் தொங்கும் தண்ணீர்க் கிண்ணமும் மாட்டினேன். முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர். கடுங்குளிரில் கிண்ணம் உறைந்து அரை நாள் தண்ணீர் கிடைக்காமல் போனாலே அடுத்த நாள் முட்டையில் அது தெரியும். உறைபனி இரவுகளில் காலையில் வெதுவெதுப்பான நீரை மாற்றி ஊற்றுவது விளக்கைவிட முக்கியம். காற்றோட்டத் துளைகளை அடைக்கவில்லை. குளிர் கோழிக்குப் பெரிய பகையில்லை, ஈரம்தான் பகை.

விளைவு என்னவென்றால், எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. விடைக்கோழிகள் இரண்டும் விளக்குக்கு முன்பும் இட்டன, பின்பும் இட்டன. அவர்களால் விளக்குக்குப் பெருமை சேராது. ஆரஞ்சுக்காரி டிசம்பர் நடுவில், கொண்டை மறுபடி சிவந்து, வாரத்துக்கு மூன்று நான்கு என்று தொடங்கினாள். இறகு மூடிய பச்சைக்காரி கிறிஸ்துமஸ் கழிந்து முதல் முட்டையை இட்டாள். ஓடு கெட்டியாக, முன்பைவிடப் பெரிதாக இருந்தது. ஓய்வுக்குப் பின் வரும் முட்டைக்கு அந்தத் தரம் உண்டு. நிறமில்லாதவள் ஒன்றும் தரவில்லை. அவளுக்கு எலும்பு முனைகள் அகலவே இல்லை. பண்ணையில் முதல் ஓராண்டிலேயே முந்நூறு முட்டை வரை இட்டுவிட்டு வரும் கலப்பினங்களில், மூன்றாம் ஆண்டில் சிலவற்றின் கணக்கு அத்தோடு முடிந்துவிடும். சசெக்ஸ் விளக்கைப் பொருட்படுத்தவே இல்லை. ஜனவரி முழுவதும் இறகை முடித்துக்கொண்டு, பிப்ரவரியில் தன் போக்கில் சந்தன நிற முட்டையோடு வந்தது. விளக்கு இல்லாமலிருந்தாலும் ஏறக்குறைய அப்போதுதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் சிறுவயது முதல் கோழி வளர்த்தவர். வேலிக்கு மேலாக விளக்கைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "நான் ஒருபோதும் போட்டதில்லை. ஆண்டுதோறும் இரண்டு இளம்பெட்டைகள் வாங்குவேன், குளிர்காலத்துக்கு அவர்கள் போதும், கிழவிகள் தூங்கட்டும்" என்றார். கோழியின் உடலில் முட்டைகள் எண்ணி வைத்திருக்கின்றன, விளக்குப் போட்டால் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்ற அவருடைய வாதத்தை நான் ஏற்கவில்லை. கருமுட்டைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும், எந்தக் கோழியும் அவற்றை இட்டுத் தீர்ப்பதில்லை. ஆனால் பழுப்புக் கலப்பினங்களுக்கு முட்டைக்குழாய் நோய்கள் அதிகம் என்பதும், ஓய்வு அவற்றின் உடலைத் தேற்றுகிறது என்பதும் உண்மை. விளக்கைப் பன்னிரண்டரை மணி நேரத்தோடு நிறுத்தியதில் அந்த எண்ணமும் கொஞ்சம் இருந்தது. வாங்கும் விடைக்கோழிதான் மலிவான குளிர்கால விளக்கு என்ற அவர் கணக்கு சரி என்றே இப்போது படுகிறது, இடமிருந்தால்.

மின்சாரச் செலவை யாரும் கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். அரை மீட்டர் பட்டைக்கு 2.4 வாட். நாளுக்கு நாலு மணி நேரம், நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை என்றால், மின்மாற்றியின் இழப்பையும் சேர்த்து மொத்தம் இரண்டு யூனிட் அளவு. ஓரிரு முட்டையின் விலை அளவுதான். அலுமினியத் தண்டவாளமும் உலோகக் குழாயும்தான் உண்மையான செலவு.

ஏப்ரலில் இயற்கைப் பகல் 14 மணி நேரத்தைத் தாண்டிய பிறகுதான் டைமரை நிறுத்தினேன். இடையில், பிப்ரவரியிலோ மார்ச்சிலோ ஒரே நாளில் அணைத்தால் கோழிக்கு அது திடீர் இலையுதிர்காலம்; வசந்தத்திலேயே மறுபடி இறகு கொட்டத் தொடங்கிவிடும்.

அடுத்த இலையுதிர்காலத்துக்கு முன் ஒரு வேலை பாக்கி. 2022 நவம்பர் 7-இல் இங்கிலாந்து முழுவதும் பறவைக் காய்ச்சலுக்காகக் கோழிகளை உள்ளேயே அடைத்து வைக்க உத்தரவு வந்து, அடுத்த ஏப்ரல் வரை நீடித்தது. மறுபடி அப்படி வரும் என்று எண்ணி, கம்பிவலை முற்றத்தின் மேல் பச்சைத் தார்ப்பாய் போட்டிருந்தேன். காட்டுப் பறவையின் எச்சம் உள்ளே விழாது, சரி. ஆனால் நவம்பர் மதியத்தில் கைபேசியை அதற்கடியில் வைத்துப் பார்த்தால், வெளியே இருப்பதில் சொற்பப் பங்கு வெளிச்சம்தான். அந்தத் தார்ப்பாயைக் கழற்றிவிட்டு ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் தகடு போட வேண்டும், 10 மில்லிமீட்டர் இரட்டைச் சுவர் வகை. சாய்வு தோட்டப் பக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மழைநீர் பெரியவரின் ரோஜாச் செடிகளில் போய் விழும். தகட்டுக்கு அளவெடுத்தாகிவிட்டது, சட்டத்துக்கு மரம் வாங்க வேண்டும்.